சத்தமில்லாமல் ஓடும் வீடியோவை எந்த பிரவுசர் நிறுத்துகிறது?

செய்தித் தளத்தைத் திறந்து இரண்டாவது பத்திக்கு வருவதற்குள் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்து ஓட ஆரம்பித்துவிடும். சத்தம் வராததால் பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் டேட்டா கரைவது பெரும்பாலும் படத்தால்தான். விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் வரும் சாதாரண வீடியோ நிமிடத்துக்கு 15 எம்பி தின்னும். பத்துப் பக்கம், பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் 300 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, பார்க்கவே பார்க்காத வீடியோவுக்குப் போய்விடுகிறது.

வீடியோ தானாக ஓடுவதற்கு ஆட்டோபிளே என்று பெயர். பிரவுசர்க்காரர்கள் எல்லோரும் அதற்குக் கடிவாளம் போட்டுவிட்டதாகத்தான் சொல்கிறார்கள். சஃபாரி 2017-இல் போட்டது, குரோம் 2018-இல், ஃபயர்பாக்ஸ் 2019-இல். ஆனால் நாம் எதையும் தொடாதவரை மூன்றும் தடுப்பது ஒலியோடு தொடங்கும் வீடியோவை மட்டும்தான். தளம் நடத்துபவர் வீடியோவில் மியூட் என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் கதவு திறந்துவிடும். அதனால் இந்த மதிப்பீட்டில் எல்லா பிரவுசரிடமும் ஒரே கேள்விதான்: சத்தம் இல்லாத வீடியோவையும் நிறுத்துகிறதா? அதோடு ஒட்டி வரும் துணைக்கேள்வி: பக்கத்தில் எங்கோ ஒரு இடத்தில் கிளிக் செய்த பிறகும் தடை நிற்கிறதா?

சோதிப்பது எளிது. தொல்லை தரும் பக்கம் ஒன்றைப் புது டேபில் திறந்து, எதையும் அழுத்தாமல் மவுஸ் சக்கரத்தால் மட்டும் கீழே இறங்குங்கள். பிறகு வெற்றிடத்தில் ஒரே ஒரு முறை கிளிக் செய்து பத்து விநாடி காத்திருங்கள். டேட்டாவையும் பார்க்க வேண்டுமென்றால் எஃப்12 அழுத்தி, திறக்கும் பலகையின் நெட்வொர்க் பகுதியில் மீடியா வடிகட்டியைத் தேர்ந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அங்கே ஒன்றும் வரவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். பல செய்தித் தளங்கள் வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி ஸ்கிரிப்ட் வழியே இழுக்கின்றன. அவை அதே பகுதியில் எக்ஸ்எச்ஆர் (XHR) என்ற வடிகட்டியின் பட்டியலில்தான் தென்படும். ஒரே மாதிரிப் பெயரில், எண் மட்டும் ஏறிக்கொண்டே வரும் கோப்புகள் அவைதான்.

ஃபயர்பாக்ஸ்

முதலிடம் இதற்குத்தான். 2019 மார்ச்சில் வந்த 66-ஆம் பதிப்பு ஒலியுள்ள வீடியோவைத் தடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 69-ஆம் பதிப்பில் ஒலி, படம் இரண்டையும் தடுக்கும் தெரிவு சேர்ந்தது. அந்த இரண்டாவது தெரிவு தானாக இயங்காது, நாமேதான் போட வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இது.

வழி: வலது மேல் மூலையில் மூன்று கோடு, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கீழே பெர்மிஷன்ஸ் தலைப்பு, அதில் ஆட்டோபிளே, அதன் பக்கத்தில் உள்ள செட்டிங்ஸ் பொத்தான். திறக்கும் சிறு சன்னலின் மேல்பகுதியில் எல்லாத் தளங்களுக்குமான பொது விதி இருக்கும். அதை 'பிளாக் ஆடியோ அண்ட் வீடியோ' என்று மாற்றி, கீழே உள்ள சேவ் சேஞ்சஸ் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் மேலே உள்ள பெருக்கல் குறியால் மூடினால் மாற்றம் போய்விடும். 'போட்டுப் பார்த்தேன், வேலை செய்யவில்லை' என்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் சறுக்கியிருப்பார்கள். பதிப்புக்குப் பதிப்பு பட்டியல் இடம் மாறினாலும் கவலையில்லை. செட்டிங்ஸ் பக்கத்தின் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ஆட்டோபிளே என்று தட்டினால் நேராகக் கொண்டுபோய் விடும்.

இந்தத் தடை முதல் சோதனையில் தேறிவிடுகிறது. சத்தமுள்ளது, இல்லாதது இரண்டும் நிற்கின்றன. இரண்டாவது சோதனையில்தான் தடுமாற்றம். பயனர் பக்கத்தில் ஒருமுறை கிளிக் செய்துவிட்டால், இவர் இந்தப் பக்கத்தோடு உறவாட விரும்புகிறார் என்று ஃபயர்பாக்ஸ் எடுத்துக்கொள்கிறது. குக்கி அனுமதிப் பெட்டியில் ஓகே கொடுத்தாலும் அது கிளிக்தான். மிதக்கும் வீடியோவை மூட அதன் மூலையில் உள்ள பெருக்கல் குறியைத் தொட்டாலும் கிளிக்தான். மூட வந்த கையையே ஒப்புதலாக்கிக்கொண்டு, அடுத்த வீடியோ சத்தத்தோடு கிளம்பும் பக்கங்கள் உண்டு.

அதை அடைக்கும் ஆணி உள்ளறையில் இருக்கிறது. முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் எபவுட், முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று அடித்து, எச்சரிக்கையை ஏற்று உள்ளே போங்கள். தேடல் பெட்டியில் ஆட்டோபிளே என்று போட்டால் வரும் வரிகளில் பிளாக்கிங்-பாலிசி என்று முடியும் ஒன்றைத் தேடுங்கள். அதன் மதிப்பு 0 என்றிருக்கும்: ஒரு கிளிக் நடந்தால் அந்தப் பக்கம் இருக்கும்வரை அனுமதி. 1 என்றால் கிளிக் செய்த சில விநாடிகளுக்கு மட்டும் அனுமதி. இயல்பான கணக்கு 5 விநாடி. 2 என்றால், வீடியோவை ஓட்டும் கட்டளை அந்த கிளிக்கின் நேரடி விளைவாகவே வந்திருக்க வேண்டும்.

பெரும்பாலானோருக்கு 1 போதும். 2 மிகக் கறார். விளம்பரத்தை முதலில் வரவழைத்துவிட்டு, அது வந்தபின் வீடியோவைத் தொடங்கும் பிளேயர்களில் நாமே முக்கோணத்தை அழுத்தினாலும் ஓடாது, இரண்டாம் முறை அழுத்த வேண்டியிருக்கும். காரணம் எளிது: கட்டளை வந்து சேர்வதற்குள் நம் கிளிக் காலாவதியாகிவிட்டது. கறுப்புப் பெட்டியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் அதுவும் இந்த வகைக் கோளாறுதான். ஓட்டும் கட்டளைக்கு பிரவுசர் மறுப்பு சொல்கிறது. அந்த மறுப்பைக் கையாளும் வரியைத் தளத்தை எழுதியவர் எழுதவில்லை. குற்றம் பிரவுசருடையது இல்லை என்றாலும் அவதி நமக்குத்தான். மதிப்பைப் பழையபடி ஆக்க, வரியின் வலது கோடியில் உள்ள வளைந்த அம்பை அழுத்தினால் போதும்.

விதிவிலக்கு கொடுப்பதில்தான் ஃபயர்பாக்ஸின் நேர்த்தி தெரிகிறது. ஒரு தளம் ஓட்ட முயன்று தடுக்கப்பட்டால் முகவரிப் பட்டையின் இடப்பக்கம் குறுக்குக்கோடு போட்ட சின்னம் தோன்றும். அதை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி தரலாம். இணையவழி வகுப்பு, வீடியோ அழைப்பு நடக்கும் தளங்களுக்கு இதைச் செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எதிரில் இருப்பவரின் முகம் உறைந்த படமாக நிற்கும், நாம் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருப்போம். சின்னம் தோன்றாத பக்கங்களில் கன்ட்ரோல் விசையையும் ஆங்கில I எழுத்தையும் சேர்த்து அழுத்தி, பெர்மிஷன்ஸ் பகுதியில் அதே மாற்றத்தைச் செய்யலாம்.

இன்னொரு உபயோகம். வீடியோ மாதிரி துள்ளிக்கொண்டிருப்பவை எல்லாம் வீடியோ இல்லை, பாதி ஜிஃப் படங்கள். எந்த ஆட்டோபிளே தடையும் அவற்றைத் தொடாது. அதே உள்ளறையில் இமேஜ், அனிமேஷன், மோட் என்ற சொற்கள் சேர்ந்த வரி ஒன்று இருக்கிறது. அதில் நார்மல் என்றிருப்பதை ஒன்ஸ் என்று மாற்றினால் படம் ஒரு சுற்று ஆடி அடங்கும். நன் என்று மாற்றினால் ஆடவே ஆடாது.

ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் தெரிவுகள் இன்னும் தாராளம். செட்டிங்ஸுக்குள் தள அனுமதிகள், அதில் ஆட்டோபிளே. எல்லாவற்றையும் அனுமதி, மொபைல் டேட்டாவில் மட்டும் தடு, ஒலியை மட்டும் தடு, இரண்டையும் தடு என்று நான்கு வரிகள். வீட்டில் வைஃபை, வெளியே டேட்டா என்று வாழ்பவருக்கு இரண்டாவது வரி அளவெடுத்துத் தைத்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஓடுவதைத் தடுப்பதும் இறங்குவதைத் தடுப்பதும் வேறு வேறு. தளங்கள் வீடியோவை ஓட்டப் பயன்படுத்தும் எச்எல்எஸ் டாட் ஜேஎஸ் என்ற நிரல் தொகுப்பு பரவலாகப் புழங்குகிறது. தளக்காரர் வேறு மாதிரி அமைக்காவிட்டால், வீடியோ ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதல் 30 விநாடி அளவுக்கு அது முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். மேலே போட்ட கணக்கில் அது 7.5 எம்பி. நிறுத்தி வைத்த வீடியோவுக்கும் வாடகை கட்டுகிற கதை. இதற்கு மருந்து ஆட்டோபிளே பட்டியலில் கிடையாது, பிரவுசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் நீட்சியில்தான் (எக்ஸ்டென்ஷன்) உண்டு.

குரோம்

அதிகம் பேர் பயன்படுத்தும் பிரவுசர் இந்த விஷயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டோபிளேயை முழுதாக நிறுத்தும் பொத்தான் குரோம் செட்டிங்ஸில் இல்லை. 2018 ஏப்ரலில் வந்த 66-ஆம் பதிப்பின் கொள்கை இதுதான்: மியூட் செய்த வீடியோ எப்போதும் ஓடலாம். ஒலியுள்ளது ஓட வேண்டுமானால், அந்தத் தளத்தில் பயனர் ஏற்கெனவே கை வைத்திருக்க வேண்டும், அல்லது அங்கே வீடியோ பார்க்கும் பழக்கம் அவருக்கு இருக்க வேண்டும்.

அந்தப் பழக்கத்தை குரோம் மதிப்பெண் போட்டு வைக்கிறது. வீடியோ 7 விநாடிக்கு மேல் ஓடியிருக்க வேண்டும், மியூட் இல்லாமல் ஒலி வந்திருக்க வேண்டும், டேப் கண்முன் இருந்திருக்க வேண்டும், படத்தின் அளவு 200க்கு 140 பிக்சலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இந்த நான்கும் கூடினால் ஒரு முறை பார்த்ததாகக் கணக்கு. மதிப்பெண் ஏறஏற அந்தத் தளம் கேட்காமலே சத்தம் போடும் உரிமையைப் பெறுகிறது. உங்கள் கணக்கைப் பார்க்க ஆசையிருந்தால் முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு மீடியா-என்கேஜ்மென்ட் என்று நடுவில் சிறுகோடு போட்டு அடியுங்கள். தளவாரியாக மதிப்பெண் பட்டியல் விரியும். புதிதாக நிறுவிய குரோமில் வரலாறே இல்லையே என்றால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்துத்தான் அனுப்புவதாக அந்தக் கொள்கை வந்தபோதே கூகுள் சொல்லியிருந்தது. வீட்டுக்காரர் வருவதற்கு முன்பே விருந்தாளியிடம் சாவி.

முன்பு சோதனை அமைப்புகள் இருக்கும் ஃபிளாக்ஸ் பக்கத்தில் ஆட்டோபிளே கொள்கையை மாற்றும் வரி ஒன்று இருந்தது. அதை 76-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இன்றும் அதைச் செய்யச் சொல்லும் பழைய குறிப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தேடிக் களைக்க வேண்டாம்.

மிஞ்சியிருப்பவை இரண்டு. முதலாவது ஒலி: தளத்தின் டேபை வலது கிளிக் செய்து மியூட் சைட் கொடுத்தால் அந்தத் தளம் முழுக்க, திரும்ப வரும்போதும், வாய் திறக்காது. படம் ஓடும், டேட்டாவும் போகும். இரண்டாவது கொஞ்சம் முரட்டு வைத்தியம்: முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தை அழுத்தி, சைட் செட்டிங்ஸ் திறந்து, அந்தத் தளத்துக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்டை, அதாவது பக்கத்தை இயக்கும் நிரலை, தடுப்பது. 2023 வரை பூட்டாக இருந்த சின்னம்தான் அது. இப்போது இரண்டு கோடும் இரண்டு வட்டமுமாக இருக்கிறது. வெறும் செய்தி படிக்கும் பக்கங்களில் ஜாவாஸ்கிரிப்ட் தடை வியக்கும்படி வேலை செய்கிறது. மிதக்கும் பெட்டி, முன்கூட்டி இறக்குவது எல்லாம் ஒரே வெட்டில் போய்விடும். ஆனால் சில தளங்களில் படங்களும் வராது, கருத்துப் பகுதியும் வராது. இன்னும் சிலவற்றில் பக்கமே வெள்ளையாக நிற்கும். தொல்லை அதிகம் தரும் நான்கைந்து தளங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குரோம் ஸ்டோரில் ஆட்டோபிளே நிறுத்தி என்ற பெயரில் நீட்சிகள் கிடைக்கும். அவற்றுக்கு எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கும் அனுமதி வேண்டும். வங்கிப் பக்கமும் அதில் அடக்கம். ஒரு வீடியோ பெட்டியை அடக்க அவ்வளவு பெரிய சாவியை, யார் பராமரிக்கிறார்கள் என்று தெரியாத ஒன்றுக்குக் கொடுப்பது கட்டுப்படியாகாது.

யூபிளாக் ஆரிஜின் பற்றி ஒரு வார்த்தை

இது விளம்பரத் தடுப்பான் என்றாலும், வீடியோவுக்குக் கிடைக்கும் நல்ல ஆயுதமும் இதுவே. பழைய நீட்சி முறையை குரோம் கைவிட்டதில் முழு யூபிளாக் ஆரிஜின் அங்கே வேலை செய்வதை நிறுத்திவிட்டது. ஃபயர்பாக்ஸில், ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ் உட்பட, முழுதாக ஓடுகிறது. அதன் சின்னத்தை அழுத்தினால் வரும் பலகையின் அடியில் ஒரு வரிசைச் சின்னங்கள் இருக்கும். ஃபிலிம் சுருள் மாதிரி இருப்பது, அந்தத் தளத்தில் பெரிய மீடியா கோப்புகளைத் தடுக்கும். வரம்பு இயல்பாக 50 கேபி, செட்டிங்ஸில் மாற்றலாம். பெரிய புகைப்படங்களும் இதில் மாட்டிக்கொள்ளும். வேண்டிய படத்தின் வெற்றிடத்தைக் கிளிக் செய்தால் அது மட்டும் இறங்கும். கடைசியில் உள்ள கோணக் குறி ஜாவாஸ்கிரிப்டை நிறுத்துவது. பிளேயர் வேறு ஒரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து வருகிறது என்று நெட்வொர்க் பகுதியில் தெரிந்தால், அந்த முகவரியை மட்டும் தடுப்பதுதான் சுத்தமான வழி. பக்கம் உடையாது, அந்த 7.5 எம்பியும் மிஞ்சும்.

சஃபாரி

மேக்கில் சஃபாரிக்கு இரண்டாம் இடம். மூன்று தெரிவுகள்: எல்லாவற்றையும் ஓட விடு, ஒலியுள்ளதை நிறுத்து, எதையும் ஓட விடாதே. நடுவில் உள்ளது இயல்பு நிலை, நமக்கு வேண்டியது மூன்றாவது. சஃபாரி மெனுவில் செட்டிங்ஸ், அதில் வெப்சைட்ஸ், இடப்பக்கம் ஆட்டோ-பிளே. இங்கே ஒரு பொறி. வலப்பக்கம் மேலே தெரிவது இப்போது திறந்திருக்கும் தளங்களின் பட்டியல். அங்கே மாற்றினால் அந்தத் தளங்களுக்கு மட்டும்தான். மற்ற எல்லாத் தளங்களுக்குமான விதி சன்னலின் அடியில், தனியாக, சின்னதாக உட்கார்ந்திருக்கிறது. அதை 'நெவர் ஆட்டோ-பிளே' ஆக்கினால்தான் வேலை முடியும். ஒரே தளத்துக்கு மட்டும் மாற்ற, முகவரிப் பட்டையை வலது கிளிக் செய்து அந்தத் தளத்துக்கான செட்டிங்ஸைத் திறக்கலாம்.

எட்ஜ், பிரேவ் என்ற இரண்டு பிரவுசர்களும் குரோமின் அதே இன்ஜினில் ஓடினாலும் குரோமில் இல்லாத பொத்தானை வைத்திருக்கின்றன. எட்ஜில் தள அனுமதிகளுக்குள் மீடியா ஆட்டோபிளே. 92-ஆம் பதிப்பிலிருந்து லிமிட் என்பது இயல்பு நிலை. இது குரோம் போலவே நம் பழைய பழக்கத்தை நம்பும் ஏற்பாடு, சத்தமில்லாத வீடியோவுக்கு இதை நம்ப முடியாது. பிளாக் என்ற வரியை ஒரு காலத்தில் ஃபிளாக்ஸ் பக்கத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். உங்கள் பதிப்பின் பட்டியலில் அது தெரிந்தால் யோசிக்காமல் அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிரேவ் கணினிப் பதிப்பில் சைட் செட்டிங்ஸுக்குள் ஆட்டோபிளே என்று தனி அனுமதியே இருக்கிறது, வேண்டாம் என்று வைத்தால் போதும். குரோம் பழகிய கைக்கு மாறச் சுலபமானது பிரேவ்தான்.

பிரவுசர் கை எட்டாத இடங்கள்

யூடியூப் போன்ற தளங்களில் ஒரு வீடியோவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பக்கம் புதிதாக ஏறுவதில்லை, உள்ளடக்கம் மட்டும் மாறுகிறது. முதலில் செய்த ஒரு கிளிக்கின் அனுமதி அப்படியே தொடர்வதால், பிரவுசரில் தடை போட்டிருந்தாலும் அடுத்த வீடியோ பெரும்பாலும் ஓடும். அங்கே தளத்தின் சொந்தப் பொத்தான்களைத்தான் நாட வேண்டும். யூடியூபில் இவை இரண்டு, பலர் ஒன்றென நினைக்கிறார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது ஓடுவதை நிறுத்தும் பொத்தான் பிளேயரிலேயே உண்டு. முகப்பில் மவுஸ் பட்டதும் ஓடும் முன்னோட்டத்தை நிறுத்துவது செட்டிங்ஸில் பிளேபேக் பகுதியில் உள்ள இன்லைன் பிளேபேக். ஃபேஸ்புக், எக்ஸ் இரண்டிலும் செட்டிங்ஸுக்குள் ஆட்டோபிளே என்று தேடி 'நெவர்' தேர்ந்தால் போதும்.

தானாகத் தொடங்கி 3 விநாடிக்கு மேல் நீளும் ஒலியை நிறுத்த வழி இருக்க வேண்டும், மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தானாக ஓடி 5 விநாடிக்கு மேல் அசைவதை நிறுத்தவோ மறைக்கவோ முடிய வேண்டும் என்று இணைய அணுகல் நெறிமுறையான டபிள்யூசிஏஜி சொல்கிறது. திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பானை நம்பியிருப்பவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை: வீடியோவின் சத்தம் வாசிப்பானின் குரலை மூழ்கடித்துவிட்டால், நிறுத்தும் பொத்தான் எங்கே என்றே அவருக்குக் கேட்காது. மிதக்கும் பெட்டியின் பெருக்கல் குறியை நகக்கண் அளவுக்கு வைத்து, ஐந்து விநாடி கழித்துத் தோன்றவிடும் வடிவமைப்பாளர்கள் இதை வாசித்த மாதிரித் தெரியவில்லை.

ஐஃபோனில் மேக் சஃபாரியின் அந்த மூன்று வரிப் பட்டியல் இல்லை. நம் ஊரில் ஐஃபோனில் கிடைக்கும் குரோமும் ஃபயர்பாக்ஸும் உள்ளே சஃபாரியின் இன்ஜினில்தான் ஓடுகின்றன, அதனால் பிரவுசரை மாற்றியும் பெரிய பலன் இருக்காது. கைவசம் இருப்பது ஒரு பக்கவழி: செட்டிங்ஸில் பேட்டரி, அதில் லோ பவர் மோட். அதைப் போட்டால் பக்கத்துக்குள் மௌனமாக ஓடும் வீடியோக்கள் தொடங்காமல், நடுவில் முக்கோணத்தோடு அசையாமல் நிற்கும். சார்ஜில் செருகி பேட்டரி 80 சதவீதம் ஏறியதும் இந்த மோட் தானாகவே அணைந்துவிடும். அதன்பின் மறுபடி கையால் போட வேண்டும்.